சான்றின் சரித்திரம் – 19: காற்புள்ளிக்குப் பட்டா

சென்ற வாரம் வான்கூவரில் நிறுத்தியிருந்தோம்.

1978 ஜனவரி. கனடாவின் அந்தத் துறைமுக நகரில் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கூடினார்கள். கட்டுரைக்குக் கட்டுரை, இதழுக்கு இதழ் மாறிக்கொண்டிருந்த மேற்கோள் பட்டியலுக்கு ஒரே வடிவம் போதும் என்று முடிவெடுத்தார்கள். 1979இல் அந்த விதிகள் அச்சேறின. கட்டுரைக்குள் எண், கடைசியில் அந்த எண் வரிசையில் பட்டியல். இன்றைக்கும் அதற்கு வான்கூவர் முறை என்றே பெயர்.

அதற்கும் முன்னால் 1881க்குப் போய்வந்தோம். ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஓடில்லா நத்தையின் முட்டையைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டு ஒரு வழக்கத்தைத் தொடங்கிவைத்ததைப் பார்த்தோம்.

வான்கூவரோடு குழப்பம் தீர்ந்திருக்கலாம். தீரவில்லை. மருத்துவர்கள்தான் ஒன்றுசேர்ந்தார்கள். உளவியலாளர்கள் 1929இல் போட்ட ஏழு பக்க விதியைப் பெரிய புத்தகமாக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் 1906 முதல் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. வழக்கறிஞர்களுக்கு 1926இலிருந்து தனி விதிப்புத்தகம் ஒன்று. வேதியியலாளர்களுக்கு வேறு, இயற்பியலாளர்களுக்கு வேறு.

இந்த வாரக் கதை, அந்தக் குழப்பத்தைச் சரக்காக்கி விற்ற ஒரு நிறுவனத்தையும், அதை இலவசமாகக் கொடுக்க முயன்ற சில வரலாற்றுப் பேராசிரியர்களையும் பற்றியது. கதை நீதிமன்றம் வரை போகிறது.

*

முதலில் சரக்கைப் பார்த்துவிடுவோம்.

1928 மார்ச் 31 தேதியிட்ட 'நேச்சர்' இதழ். தொகுதி 121. பக்கம் 501, 502. சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் எழுதிய சின்னக் குறிப்பு ஒன்று அதில் இருக்கிறது. ராமன் விளைவை உலகம் தெரிந்துகொண்ட குறிப்பு. அதை நீங்கள் உங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வான்கூவர் முறை கேட்கும் மருத்துவ இதழுக்கு அனுப்பினால், 'ராமன்' முதலில் வரும். அதன் பின்னால் முன்னெழுத்துகள், நடுவில் புள்ளியே இல்லாமல். இதழின் பெயருக்குப் பிறகு முற்றுப்புள்ளி, ஆண்டு, அரைப்புள்ளி, இடைவெளி விடாமல் தொகுதி எண், முக்காற்புள்ளி, பிறகு பக்கம். அந்தப் பக்கமும் '501-2'. இரண்டாவது எண்ணில் 50 திரும்ப வரக்கூடாது.

அதே கட்டுரையை உளவியல் இதழுக்கு மாற்றி அனுப்புகிறீர்கள். இப்போது முன்னெழுத்து ஒவ்வொன்றுக்கும் புள்ளி வேண்டும். ஆண்டு முன்னால் ஓடிவந்து அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்துகொள்ளும். இதழ் பெயரும் தொகுதியும் சாய்வெழுத்து. பக்கம் முழுசாக '501–502'. நடுவில் இருக்கும் கோடுகூட முந்தைய கோடு இல்லை, கொஞ்சம் நீளமானது.

'நேச்சர்' இதழுக்கே அனுப்பினால்? ஆண்டு கடைசிக்குப் போய்விடும். தொகுதி எண் தடித்த எழுத்து.

விஷயம் ஒன்றுதான். ராமனும் மாறவில்லை, பக்கமும் மாறவில்லை. கட்டுரையில் இப்படி 60 மேற்கோள் இருந்து, முதல் இதழ் நிராகரித்து, இரண்டாவது இதழுக்கு அனுப்பினால் 60 வரியையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். எண் முறையாக இருந்தால் இன்னொரு தொல்லை. மூன்றாம் பத்தியில் புதிதாக ஒரு மேற்கோளைச் செருகினால், அதற்குப் பின்னால் வரும் அத்தனை எண்ணும் ஒன்று கூடும். தட்டச்சுப்பொறிக் காலத்துத் துறைச் செயலாளர்கள் இந்த வேலையில் தங்கள் கண்களைத் தேய்த்திருக்கிறார்கள். ஆய்வறிக்கையின் நன்றியுரையில் அவர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிய விஷயம்.

ராமன் உதாரணத்தில் இன்னொரு வேடிக்கையும் ஒளிந்திருக்கிறது. இந்த முறைகள் அத்தனையும் குடும்பப் பெயர், இட்ட பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கின்றன. ராமன் என்பது அவருக்கு இட்ட பெயரின் ஒரு துண்டு. அது குடும்பப் பெயர் பெட்டியில் கிடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஆய்வுக் கட்டுரை எழுதும் ஒவ்வொருவரும் முதல் தடவை அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு நிற்பது வழக்கம். அப்பா பெயரை எந்தப் பெட்டியில் போடுவது? இரண்டு கட்டுரையில் இரண்டு விதமாகப் போட்டுவிட்டு, கணினியின் கண்ணுக்கு இரண்டு ஆட்களாகத் திரிபவர்கள் நம்மில் நிறையப் பேர்.

அது தனிக் கதை. வழக்குக்கு வருவோம்.

*

மறுபடி மறுபடி தட்டச்சு செய்யும் தொல்லைக்கு ஒரு மருந்து 1980களில் வந்தது. எண்ணம் எளிமையானது: விவரத்தையும் வடிவத்தையும் பிரித்துவிடு.

ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் என்று விவரங்களைத் தனித்தனிப் பெட்டியில் ஒரே ஒரு தடவை போட்டு வை. எந்த இதழுக்கு எப்படி அடுக்க வேண்டும் என்ற கட்டளையை வேறொரு கோப்பில் எழுதி வை. இரண்டையும் சேர்த்தால் பட்டியல் தயார். இதழ் மாறினால் இரண்டாவது கோப்பை மட்டும் மாற்று.

1985இல் ஓரன் பட்டாஷ்னிக்கும் லெஸ்லி லாம்போர்ட்டும் உருவாக்கிய 'பிப்டெக்' இந்த வழியில்தான் இயங்கியது. கணிதக்காரர்களும் கணினிக்காரர்களும் அதைப் பற்றிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அதன் வடிவக் கோப்பைத் திறந்து பார்த்தாலே தலை சுற்றியது.

மற்றவர்களுக்கு வந்தது 'எண்ட்நோட்'. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்ட் நைல்ஸ் நடத்திய சிறு நிறுவனம் 1980களின் இறுதியில் வெளியிட்டது. வேர்டு ஆவணத்தில் எழுதிக்கொண்டே போகலாம். மேற்கோளைச் செருகலாம். பட்டியலிலிருந்து இதழின் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒரு சொடுக்கு. 60 வரியும் தானாக உடை மாற்றிக்கொள்ளும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆய்வாளர் இப்படி ஒரு மென்பொருளை வாங்கும்போது திரை அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அவர் கேட்பது ஒரே கேள்வி: "என் இதழ் இதில் இருக்கிறதா?"

இருக்கிறது என்று சொல்ல, யாரோ ஒருவர் அந்த இதழின் ஆசிரியர்களுக்கான குறிப்புகளைப் படித்து, அது சொல்லாமல் விட்டதைப் பழைய இதழ்களைப் புரட்டிக் கண்டுபிடித்து, கட்டளையாக எழுதி வைத்திருக்க வேண்டும். நூறு இதழுக்கு. பிறகு ஆயிரத்துக்கு. 2008 வாக்கில் எண்ட்நோட்டிடம் அப்படி 3,500க்கும் மேற்பட்ட வடிவக் கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் பெயரும் 'டாட் இ-என்-எஸ்' என்று முடியும்.

இந்த நேரத்தில் எண்ட்நோட் நைல்ஸ் கையில் இல்லை. யார் கையில்?

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு யூஜின் கார்ஃபீல்டு நினைவிருப்பார். யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்ட ஃபிலடெல்ஃபியாக்காரர். அவருடைய நிறுவனத்தை 1992இல் தாம்சன் குழுமம் வாங்கியது. அந்த நிறுவனத்தின் கைக்கு எண்ட்நோட் வந்து சேர்ந்தது. அதன் போட்டியாளர்களான 'புரோசைட்', 'ரெஃபரன்ஸ் மேனேஜர்' இரண்டும் அதே கூரைக்குக் கீழேதான். மேற்கோளை எண்ணுகிற கடையும் அதுதான், மேற்கோளுக்கு உடை தைக்கிற கடையும் அதுதான். 2008 ஏப்ரலில் தாம்சன், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தோடு இணைந்து இன்னும் பெரிதானது.

*

இனி எதிர்த்தரப்பு.

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸில் இருக்கிறது ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழகம். அங்கே 1994இல் ராய் ரோசன்ஸ்வைக் என்ற வரலாற்றாசிரியர் ஒரு மையத்தைத் தொடங்கியிருந்தார். வரலாற்றுக்கும் புதிய ஊடகத்துக்குமான மையம். உழைக்கும் மக்களின் வரலாற்றை எழுதியவர் அவர். வரலாறு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதில் பிடிவாதம்.

2006 அக்டோபரில் அந்த மையத்திலிருந்து 'ஜொட்டேரோ' வெளியானது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு மென்பொருள். நூலகப் பக்கத்திலோ இதழின் பக்கத்திலோ இருக்கும்போது ஒரு சொடுக்கில் விவரங்களை எடுத்துப் பெட்டிகளில் போட்டுக்கொள்ளும். காசு கிடையாது. மூல நிரலும் திறந்தே இருந்தது.

இதை நடத்தியவர்களைப் பாருங்கள். டான் கோஹன், விக்டோரியா காலத்துக் கணிதத்தைப் பற்றி ஆராய்ந்தவர். ஷான் டகாட்ஸ், 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சமையற்காரர்களைப் பற்றி ஆராய்ந்தவர். மென்பொருள் வியாபாரத்துக்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அடிக்குறிப்போடு தினமும் மல்லுக்கட்டும் ஆட்கள், அவ்வளவே.

ரோசன்ஸ்வைக் 2007 அக்டோபரில் 57 வயதில் காலமானார். வரப்போகும் வழக்கை அவர் பார்க்கவில்லை.

ஜொட்டேரோவுக்கும் அதே பழைய கேள்வி காத்திருந்தது. "என் இதழ் இதில் இருக்கிறதா?"

அவர்கள் தேர்ந்தெடுத்த வழி வேறு. ஒஹாயோவில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்தில் புரூஸ் டார்கஸ் என்ற புவியியல் பேராசிரியர், வடிவக் கட்டளைகளை எழுத ஒரு பொது மொழியை உருவாக்கியிருந்தார். சுருக்கமாக சிஎஸ்எல். சாதாரண எழுத்துகளாலான கோப்பு. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஜொட்டேரோ அந்த மொழியை எடுத்துக்கொண்டது.

மொழி இருந்தது. நூலகம்தான் சின்னதாக இருந்தது. எதிரே 3,500.

*

2008 ஜூலை 8.

ஜொட்டேரோவின் 1.5 முன்னோட்டப் பதிப்பு வெளியானது. அதில் ஒரு புது வசதி: உங்கள் கணினியில் எண்ட்நோட்டின் வடிவக் கோப்பு இருந்தால், அதை ஜொட்டேரோ வாசிக்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வசதி. எண்ட்நோட்டின் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் அப்படி இல்லை. ஒரு வாடிக்கையாளரை எண்ட்நோட்டோடு கட்டிப்போட்டிருந்த கடைசிக் கயிறு அந்தக் கோப்புகள்தான்.

இரண்டு மாதம் கூட முழுதாகப் போகவில்லை. செப்டம்பர் 5. வர்ஜீனியா தலைநகர் ரிச்மண்டின் சர்க்யூட் நீதிமன்றத்தில் தாம்சன் ராய்ட்டர்ஸ் பிராது தாக்கல் செய்தது. ஜார்ஜ் மேசன் அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் பிரதிவாதி வர்ஜீனியா மாநிலமே.

கேட்டது இரண்டு. 1 கோடி டாலர் நட்டஈடு. அந்தப் புதுப் பதிப்பை விநியோகிக்கத் தடை.

குற்றச்சாட்டின் சாரம் இது: பல்கலைக்கழகம் எண்ட்நோட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறது. வாங்கும்போது ஓர் உரிம ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. மென்பொருளைப் பிரித்துப் பார்த்து உள்ளே எப்படி இயங்குகிறது என்று கண்டறியக்கூடாது என்று அந்த ஒப்பந்தம் சொல்கிறது. ஜொட்டேரோ குழு அதைத்தான் செய்தது. எங்களுக்குச் சொந்தமான கோப்புகளை இலவச சிஎஸ்எல் கோப்புகளாக மாற்ற அது வழிசெய்கிறது.

ஆக, வாதிக்கு ஆயுதம் கொடுத்தது பிரதிவாதியின் சொந்தச் சந்தாதான். ஜார்ஜ் மேசன் எண்ட்நோட்டின் வாடிக்கையாளராக இல்லாமல் இருந்திருந்தால், இந்த வழக்கே இந்த வடிவில் வந்திருக்காது.

பத்து நாளில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகி உலகச் சந்தையே ஆட்டம் கண்டது. கோடிகள் ஆவியாகிக்கொண்டிருந்த அந்த மாதத்தில் ரிச்மண்டில் ஒரு கட்டு காகிதம், முக்காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி உண்டா இல்லையா என்று சொல்லும் கோப்புகளுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தது.

*

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கேள்வி சிரிப்பானது இல்லை.

காற்புள்ளியின் இடத்துக்கு யாராவது பட்டா வாங்க முடியுமா?

அந்த விதியைப் போட்டது இதழ். அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டதும் இதழ். பின்பற்றாவிட்டால் கட்டுரையைத் திருப்பி அனுப்புவதும் இதழ். எண்ட்நோட் செய்தது, அதைக் கணினிக்குப் புரியும்படி எழுதிவைத்தது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 3,500 இதழின் விதிகளைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் பாதி ஒன்றுக்கொன்று முரண்படும். ஆனால் உழைத்ததால் மட்டுமே ஒரு தகவல் உழைத்தவருக்குச் சொந்தமாகிவிடுமா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 17 வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பதில் சொல்லியிருந்தது. வழக்கு, தொலைபேசிப் புத்தகத்தைப் பற்றியது.

கன்சாஸ் மாநிலத்தில் 'ரூரல்' என்றொரு தொலைபேசி நிறுவனம். தன் வாடிக்கையாளர்களின் பெயர், ஊர், எண்ணைப் புத்தகமாகப் போட்டுவந்தது. 'ஃபெய்ஸ்ட்' என்ற இன்னொரு நிறுவனம் பல ஊர்களைச் சேர்த்துப் பெரிய புத்தகம் போட்டது. ரூரல் அனுமதி மறுத்தது. ஃபெய்ஸ்ட் கேட்காமலே எடுத்துக்கொண்டது. எப்படிப் பிடிபட்டது தெரியுமா? காப்பியடிப்பவரைப் பிடிக்கவென்றே ரூரல் தன் புத்தகத்தில் சில பொய்ப் பெயர்களைக் கலந்துவைத்திருந்தது. அதில் நான்கு, ஃபெய்ஸ்ட் புத்தகத்திலும் அப்படியே வந்திருந்தன.

களவு கையும் களவுமாகப் பிடிபட்டது. ஆனாலும் 1991இல் ரூரல் தோற்றது. தகவல் யாருக்கும் சொந்தமில்லை, திரட்டியவர் எவ்வளவு வியர்வை சிந்தியிருந்தாலும் வியர்வைக்காக மட்டும் பதிப்புரிமை கிடையாது, கொஞ்சமாவது புதிதாகப் படைத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

அப்படியானால் எண்ட்நோட் வழக்கும் முதல் நாளிலேயே முடிந்துபோக வேண்டியதுதானே?

இல்லை. 1996இல் இன்னொரு தீர்ப்பு வந்திருந்தது. அதுவும் தொலைபேசிப் புத்தகம்தான். 'புரோசிடி' என்ற நிறுவனம் 3,000க்கும் மேற்பட்ட தொலைபேசிப் புத்தகங்களைத் திரட்டிக் குறுந்தகடாக விற்றது. திரட்டிய செலவு 1 கோடி டாலருக்கு மேல். மாத்யூ சைடன்பெர்க் என்பவர் அந்தத் தகட்டைக் கடையில் வாங்கி, அதிலிருந்த எண்களை இணையத்தில் மலிவாக விற்கத் தொடங்கினார். எண்களுக்குப் பதிப்புரிமை இல்லை, அது ஃபெய்ஸ்ட் தீர்ப்பிலேயே முடிந்துவிட்டது. ஆனால் பெட்டிக்குள் ஓர் உரிம ஒப்பந்தம் இருந்தது. அதை ஏற்றுத்தானே நீ பயன்படுத்தினாய், மீறக்கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பதிப்புரிமைச் சட்டம் திறந்துவிட்ட கதவை ஒப்பந்தச் சட்டம் சாத்தியது.

இப்போது தாம்சன் ராய்ட்டர்ஸின் பிராதைத் திரும்பப் படித்தால் அது ஏன் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டது என்பது விளங்கும். எண்கள்கூட ஒத்துப்போகின்றன: அங்கே 3,000 புத்தகம், இங்கே 3,500 கோப்பு, அங்கேயும் 1 கோடி, இங்கேயும் 1 கோடி. தற்செயல்தான். ஆனால் களம் தற்செயல் இல்லை. மென்பொருள் உரிம ஒப்பந்தங்களுக்குக் கூடுதல் பலம் தரும் ஒரு சட்டத்தை அமெரிக்காவின் 50 மாநிலங்களில் இரண்டே இரண்டுதான் நிறைவேற்றியிருந்தன. ஒன்று மேரிலாந்து. மற்றது வர்ஜீனியா.

வரலாற்றுப் பேராசிரியர்கள் நின்றுகொண்டிருந்தது வழுக்குப் பாறையில்.

*

செப்டம்பர் கடைசியில் செய்தி வெளியே கசிந்தது. நூலகர்களும் ஆய்வாளர்களும் கொதித்தார்கள். நிறையப் பேரின் கோபத்துக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. தங்கள் துறையின் சின்ன இதழ்களுக்கு எண்ட்நோட்டில் வடிவம் இல்லாதபோது அவர்களே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோப்பும் அதே 'டாட் இ-என்-எஸ்' உறைக்குள்தான் இருந்தது. நான் எழுதியதை நான் வேறொரு மென்பொருளில் திறந்தால் அது களவா?

'நேச்சர்' இதழ் தலையங்கம் எழுதியது. மைக்ரோசாஃப்டின் வேர்டு, எக்செல் கோப்புகளை வேறெந்த மென்பொருளும் திறக்கக்கூடாது என்றால் என்ன ஆகும் என்று கேட்டது. ஓப்பன் ஆஃபீஸ் போன்றவை அவற்றைச் சட்டப்படியே திறக்கின்றன என்று சுட்டிக்காட்டியது. தாம்சன் ராய்ட்டர்ஸுக்கு இது வலித்திருக்கும். ஓர் இதழ் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகிறது என்று அளக்க கார்ஃபீல்டு உருவாக்கிய தாக்க எண்ணை அன்று விற்றுவந்தது அந்த நிறுவனம். அந்த எண்ணின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் இதழ்களில் ஒன்று 'நேச்சர்'.

பல்கலைக்கழகம் என்ன செய்யப்போகிறது என்பதுதான் எல்லோரின் கேள்வியும். அரசுப் பல்கலைக்கழகங்களின் சட்டப் பிரிவுகள் பொதுவாகச் சண்டைக்காரர்கள் இல்லை. வசதியை நீக்கிவிட்டு, வருத்தம் தெரிவித்து, காதும் காதும் வைத்த மாதிரி முடித்துக்கொள்வதுதான் சுலபம்.

அக்டோபர் இறுதியில் பதில் வந்தது. ஜார்ஜ் மேசன் பணியவில்லை. மையம் தொடங்கிய நாளிலிருந்து காத்துவந்த திறந்த கொள்கையில் மாற்றமில்லை, ஜொட்டேரோவின் வளர்ச்சித் திட்டத்திலும் மாற்றமில்லை என்று அறிவித்தது. கூடவே இன்னொரு வரி. எண்ட்நோட்டுக்கான பல்கலைக்கழக உரிமத்தை இனி புதுப்பிக்கப் போவதில்லை.

இந்தக் கதையின் திருப்புமுனை அந்த வரி என்று நினைக்கிறேன். சட்டத்தில் அதற்கு எடை குறைவு. பழைய ஒப்பந்தத்தின் மீதான வழக்கு அப்படியேதான் இருந்தது. ஆனால் வாடிக்கையாளரை நீதிமன்றத்துக்கு இழுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்பதை உலகின் மற்ற பல்கலைக்கழக நூலகங்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களும் வருஷா வருஷம் அதே நிறுவனத்துக்குக் காசோலை எழுதுகிறவர்கள்.

*

2009 ஜூன் 4.

வழக்கு தள்ளுபடி.

அவ்வளவுதான். முழு விசாரணை நடக்கவில்லை. சாட்சிக் கூண்டில் யாரும் ஏறி, கோப்பைத் திறந்து காட்டி, இந்த அரைப்புள்ளி யாருடையது என்று வாதாடவில்லை. பட்டா யார் பெயரில் என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை.

வென்றவர்கள் கொண்டாடினார்கள். சட்டம் படிப்பவர்களுக்கு ஏமாற்றம்தான்.

கேள்விக்குப் பதில் நீதிமன்றத்துக்கு வெளியே வந்தது, மெதுவாக. 2010இல் சிஎஸ்எல் மொழியின் 1.0 பதிப்பு வெளியானது. 2008இல் லண்டனிலிருந்து வெளியான 'மெண்டலே' அதே மொழியை எடுத்துக்கொண்டது. வேறு மென்பொருள்களும் சேர்ந்தன. ஒரு மாணவர் தன் இதழுக்காக எழுதிய வடிவம் பொதுக் களஞ்சியத்தில் சேரும். அடுத்த நாள் உலகில் யார் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தலாம். யாருடைய கோப்பையும் பிரிக்கவேண்டிய அவசியமில்லை. களஞ்சியம் 10,000ஐத் தாண்டியது.

தாம்சன் ராய்ட்டர்ஸ் 2016இல் தன் அறிவியல் பிரிவை 355 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. 'கிளாரிவேட்' என்ற புதுப் பெயரில் அது நடக்கிறது. எண்ட்நோட் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

*

கதை இங்கே முடிந்திருக்கலாம். களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் இருந்திருந்தால்.

10,000 கோப்பில் பெரும்பகுதிக்குள் எந்தக் கட்டளையும் இல்லை. இதழின் பெயர் இருக்கும். அதன் கீழே, வடிவத்துக்கு அந்த இன்னொரு கோப்பைப் பார் என்று ஒரு சுட்டு இருக்கும். ஒரே பதிப்பகத்தின் நூற்றுக்கணக்கான இதழ்கள் ஒரே தாய்க் கோப்பைச் சுட்டிக்கொண்டு நிற்கின்றன. பெயர்ப்பலகை மட்டும்தான் வேறு. 3,500 என்று பூட்டிவைத்திருந்த காலத்தில் இதை எண்ணிப் பார்க்க வெளியாட்களுக்கு வழியில்லை. திறந்து வைத்ததும் தெரிந்துவிட்டது.

மீதமிருக்கும் வடிவங்களிலும் வித்தியாசம் என்ன? ஓர் இதழ் ஆறு ஆசிரியர் வரை பெயர் போட்டுவிட்டு 'மற்றும் பிறர்' என்கிறது. இன்னொன்று இருபது வரை போகிறது. ஒன்றில் ஆண்டு முன்னால், ஒன்றில் பின்னால். ராமனின் 501ஆம் பக்கத்தைத் தேடிப்போகும் வாசகருக்கு இதில் எது உதவி, எது இடைஞ்சல்?

2011இல் ஒரு விசித்திரம் நடந்தது. 'ஃப்ரீ ராடிகல் பயாலஜி அண்ட் மெடிசின்' என்ற உயிரியல் இதழின் ஆசிரியர் கெல்வின் டேவிஸ், தன் இதழுக்கு எழுதுகிறவர்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தார். முதல் தடவை கட்டுரை அனுப்பும்போது மேற்கோள்களை எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் அனுப்புங்கள். விவரம் முழுசாக இருக்கட்டும், பட்டியல் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும், அது போதும். அச்சுக்குப் போகும்போது வடிவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்த இதழை வெளியிடும் எல்சவியர் நிறுவனம், உலகின் மிகப் பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகங்களில் ஒன்று, இதைத் தன் மற்ற இதழ்களுக்கும் ஒவ்வொன்றாகப் பரப்பத் தொடங்கியது.

நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு பதிப்பகத்தால் 2011இல் சொல்ல முடிந்தது என்றால், அதுவரை 130 வருஷம் அந்த வேலையை ஆய்வாளர் தலையிலும் அவருடைய செயலாளர் தலையிலும் கட்டிவைத்திருந்தது யார்? எதற்காக?

(அடுத்த வாரம்)